புத்தகம் கையில் உள்ள அப்பா

வருஷம் முழுக்க மகள் 'ஏ' பிரிவா, 'பி' பிரிவா என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இவர், எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி சரியாக எட்டு மணிக்கு விழித்துக்கொள்வார். காலாண்டு, அரையாண்டு, எதுவானாலும் சரி. கணக்குப் பரீட்சைக்கு இவர் வர மாட்டார். அங்கே போட்டுக் காட்டச் சொல்லிவிடுவார்கள். தமிழுக்கும் வர மாட்டார். மகள் செய்யுள் ஒப்பிக்க ஆரம்பித்தால் இவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அறிவியல்தான் இவருக்கு வாகான பாடம். வரையறு இருக்கிறது, பொருத்துக இருக்கிறது, கோடிட்ட இடம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், விடை புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகம் இவர் கையில் இருக்கிறது.

முதல் வேலையாக டி.வி. அணையும். மருமகள் கன்னத்தில் அறை விழுவதற்கு ஒரு நொடி முன்னால் சீரியலை இழந்த பாட்டி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். நாற்காலியில் சம்மணம் போட்டு, கட்டைவிரலைப் பக்கத்துக்குள் செருகிக்கொண்டு அப்பா ஆரம்பிப்பார்.

"செல்லை முதல்ல பார்த்தது யாரு?"

"ராபர்ட் ஹூக்."

"எந்த வருஷம்?"

"1665."

"எதுல பார்த்தாரு?"

"தக்கையில."

இங்கேதான் கட்டைவிரல் லேசாகத் தூக்கும். பக்கத்துக்குள் ஒரு எட்டிப் பார்வை. "தக்கையின் மெல்லிய சீவல்னு போட்டிருக்கு. சீவலை விட்டுட்டே, மெல்லியவும் விட்டுட்டே. போச்சு, அரை மார்க்."

இந்த அரை மார்க் பயத்தைப் பரம்பரைச் சொத்து என்றே சொல்லவேண்டும். இவரைப் பெஞ்சு மேல் ஏற்றிய ஆசிரியர்களிடமிருந்து வட்டியோடு வந்தது. ஹூக் எதற்காகத் தக்கையைச் சீவினார், அவர் பார்த்தது உயிருள்ள செல்லா, வெறும் கூடா என்று இவர் ஒருநாளும் கேட்க மாட்டார். கேட்டால் பதில் கட்டைவிரலுக்கு அடியில் கிடைக்காது. 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளை அதனாலேயே "இதெல்லாம் வராது" என்று பென்சிலால் சுழித்துத் தள்ளிவிடுவார்.

சூரியக் குடும்பத்தில் ஒரு சின்ன சறுக்கல் நேரும். "9 கோள்" என்று இவர் எடுத்துக்கொடுப்பார். 2006-லேயே புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள் என்று மகள் சொன்னதும், பாகப்பிரிவினையில் கிணற்றடிப் பங்கு கைவிட்டுப் போனவர் போல "நாங்க படிக்கும்போது இருந்துச்சே" என்பார்.

ஆனால் நிஜமான சோதனை இயற்பியலில் இருக்கிறது.

"நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு சொல்லு."

"ஒரு பொருள்ல இருக்கிற பருப்பொருளோட அளவு நிறை. அலகு கிலோகிராம். அந்தப் பொருள் மேல புவி செலுத்துற ஈர்ப்பு விசை எடை. அலகு நியூட்டன்."

ஒரு எழுத்துக்கூட விடுபடவில்லை. மகிழ்ச்சியில் இவர் புத்தகத்தைவிட்டு ஒரு அடி வெளியே வைத்துவிடுவார். "உதாரணத்துக்கு, என் எடை 72 கிலோ..."

"அது நிறைப்பா. எடைன்னா 72-ஐ 9.8-ஆல பெருக்கணும். 705.6 நியூட்டன்."

ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின்களில் காசு போட்டு வாங்கிய அட்டைகள் எல்லாம் இவர் கண்முன் வந்து போகும். சமாளிக்கவேண்டுமே. "சரி, நிலாவுக்குப் போனா?"

"எடை ஆறுல ஒரு பங்காயிடும். நிறை அப்படியேதான் இருக்கும்."

அடுப்படியிலிருந்து குரல் வரும். "தொப்பை?"

"அது நிறைம்மா. மாறாது."

அடுத்து இதயம். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் கேள்வி என்றால் இவருக்குத் தனி மரியாதை. அம்புக்குறி ஒன்றையொன்று வெட்டக்கூடாது, பாகங்களின் பெயரெல்லாம் ஒரே பக்கம் வரவேண்டும், பென்சில் கூராக இருக்கவேண்டும் என்று கறாராகச் சொல்வார். அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றுவிடுவார். "இடது வெண்ட்ரிக்கிளை வலது பக்கம் போட்டிருக்கான். அச்சுப்பிழை." பேனாவின் மூடிகூடக் கழன்றுவிடும்.

"படத்துல இருக்கிறவரு நம்மளப் பார்த்து நிக்கிறாருப்பா."

நம்ப மாட்டார். புத்தகத்தை விரித்துத் தன் நெஞ்சில் ஒட்டவைத்து, முகவாயை மார்பில் பதித்து மேலிருந்து எட்டிப் பார்ப்பார். இடது இடப்பக்கம் வந்துவிடும். ஆச்சரியமாக இருக்கும். இன்னும் தெளிவாகட்டும் என்று அதே கோலத்தில் பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றால், புத்தகத்தில் வலது ஓரம் இருந்த அறை இப்போது இடது ஓரத்தில் தெரியும், எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும்.

"அது இடவல மாற்றம்ப்பா. ஒளிப் பாடத்துல வரும்."

"அந்தப் பாடம் போர்ஷன்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப விடு."

மணி பதினொன்று. வேதியியல் பாக்கி. இயற்பியல் மாற்றத்துக்கும் வேதி மாற்றத்துக்கும் எடுத்துக்காட்டு கேட்கிறார். பனிக்கட்டி உருகுவது, இரும்பு துருப்பிடிப்பது என்று மகள் ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறாள். இன்னொன்று சொல் என்றதும் அவள் கண் அடுப்படிப் பக்கம் போகிறது. சாயங்காலம் அரைத்துக் கரைத்த மாவு அங்கே பாத்திரத்தின் மூடியை மெல்லத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

"இட்லி மாவு புளிக்கிறது."

"புத்தகத்துல இல்லையே."

"பாக்டீரியா மாவுல இருக்கிற சர்க்கரையை அமிலமா மாத்துது, கார்பன் டை ஆக்சைடு வருது, அதான் பொங்குது. திரும்ப அரிசியாவும் உளுந்தாவும் ஆக்க முடியாதுல்ல?"

இவர் முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் புரட்டுவார். பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளைப் பார்ப்பார். கைடை வாங்கிப் பார்ப்பார். பால் தயிராவது இருக்கிறது, காகிதம் எரிவது இருக்கிறது. மாவு இல்லை. "இதையெல்லாம் எழுதி வைக்காதே. திருத்துறவங்க குழம்பிடுவாங்க" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடுவார். கட்டைவிரல் மட்டும் பக்கத்தை விடாது. அதை மெதுவாக உருவித்தான் மகள் மீதிப் பாடத்தைப் படிக்கிறாள்; ஒரு மணி நேரத்தில் முடித்தும் விடுகிறாள்.

மறுநாள் ஆபீஸில் இவருக்குத் தனிக் களை. "ராத்திரி தூங்கவே இல்ல சார், சயின்ஸு" என்று எதிர் மேஜையிடம் சொல்வார். எதிர் மேஜைக்காரர் ஒன்பதாம் வகுப்பு அப்பா. அவர் கண்ணும் சிவந்துதான் இருக்கும். இருவரும் டீக்கடைக்குப் போய் அமிலம், காரம் பேசுவார்கள்.

விடைத்தாள் வந்தது. 100-க்கு 87. "நான் கேட்டது 87, அவளா விட்டது 13" என்று வீட்டில் அறிவிப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கூட்டல் சரிதானா என்று மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறார். நான்காவது பக்கத்தில் பேனா நிற்கிறது. இட்லி மாவு. பக்கத்தில் சிவப்பு மையில் முழு மதிப்பெண். கீழே கோடு வேறு போட்டு, ஆசிரியை 'நன்று' என்று எழுதியிருக்கிறார்.

ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"இது எத்தனாம் பக்கத்துல இருக்கு?"