பைனாகுலர் சார்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுக்கு வருகிறவர்கள் அறப்பளீஸ்வரரைக் கும்பிடுவார்கள். பிறகு ஆகாயகங்கை அருவிக்குப் படி இறங்குவார்கள். பைனாகுலர் சார் இரண்டையும் செய்யமாட்டார். சாமி எங்கும் போய்விடாது, வாலாட்டிக்குருவி பங்குனியோடு போய்விடும் என்பது அவர் கட்சி.

மார்கழிப் பனியில், ஊர் எழுந்திரிக்கும் முன்பே அவர் வண்டித்தடத்தில் நிற்பார். பறவை கண்ணில் படாமலிருக்க இலை போட்ட பட்டாளத்துச் சட்டை. கூட வந்த மனைவி தேடிக் கண்டுபிடிக்க வசதியாக ஆரஞ்சுத் தொப்பி. கழுத்தில் தொங்கும் பைனாகுலர் பனியில் மங்கிக்கிடக்கும். பாதி நேரம் அதைத் துடைப்பதிலேயே கழிந்துவிடும்.

சுள்ளி பொறுக்க வரும் பாட்டி கேட்பாள்: "என்னங்க சார், ஆடு ஏதாச்சும் காணமா?"

"இல்லம்மா, பறவை பாக்க வந்தேன்."

"இதுக்கா இம்மாந் தூரம்? கீழ நாமக்கல்லுலயே கோழி லட்சம் லட்சமா கெடக்குதே!"

சார் பதில் பேசமாட்டார். பேசினால் பறவை பறந்துவிடும்.

மைனா, சின்னான், தவிட்டுக்குருவி எல்லாம் அவருக்கு "ஓ, அதுவா." அவர் தேடுவது லைஃபர், அதாவது வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கும் பறவை. அது வந்துவிட்டால் முதலில் படம் எடுப்பார், அடுத்து செயலியில் பதிவார், அதற்குப் பிறகுதான் பார்ப்பார். பறவை அதுவரை காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. படத்தில் மிளகு இலையின் நரம்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். பறவை அந்த இலைக்குப் பின்னால் இருக்கும். இதற்கு அவர்கள் வட்டாரத்தில் 'ரெக்கார்ட் ஷாட்' என்று கௌரவமான பெயர்.

ஆறுமணிக்குருவி 5.50க்கே கூவிவிட்டால் தன் கைக்கடிகாரத்தைத்தான் சந்தேகப்படுவார்.

கொடிக்கால் வாலாட்டி என்றால் உயிர். சீனா, கொரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி, நம் காபித் தோட்ட நிழலுக்கு வரும் விருந்தாளி அது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டி எதற்கும் ஆமாம் போடும். இது மட்டும் இடவலமாக ஆட்டி மறுக்கும். யாராவது விளக்கம் கேட்டால் போதும், சார் சாலையோரத்திலேயே இடுப்பை ஆட்டிக் காட்டுவார். செம்மேட்டுப் பேருந்தின் ஜன்னல்கள் அத்தனையும் நிறைந்துவிடும்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் மலைக்கு வந்து பாட்டிலை உடைக்காமல், பாட்டை அலறவிடாமல் திரும்புகிறவர் அவர். 2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்குச் சரக்கு கொடுத்தவர்கள் இவரைப் போன்ற சுமார் 30,000 பேர். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இவர்களால்தான் ஓடுகிறது. அதற்கு மலை ஏறக்கூட வேண்டாம். வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும், காக்கைக்கும் அதில் இடமுண்டு.

ஆகவே வளப்பூர் நாட்டு வழியாக வண்டி ஓட்டுகிறவர்களே, சாலையோரம் ஒருவர் இடுப்பை இடவலமாக ஆட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள்.