கம்மாய்க்கு வந்த புது மாப்பிள்ளை

வாய்யா பேராண்டி. வாளியத் துண்டு போட்டு மூடிக்கிட்டு வர்றதப் பாத்தா களவாண்டுட்டு வர்ற மாதிரில்ல இருக்கு? தொற, பாப்போம். அட, டேங்க் கிளீனரு! கண்ணாடித் தொட்டியில பாசி தின்னட்டும்னு விரல் நீளத்துல வாங்குன, இப்ப முழங்கை நீளம் ஆயிருச்சு. கொல்ல மனசு வரல, கம்மாயில விடப்போற. ரொம்பப் புண்ணியம். ஆனா இப்படிப் பொழுதடைஞ்சு ஒளிஞ்சு வந்து விடாத. கொட்டுமேளம் வச்சு விடு. ஊருக்கு மாப்பிள்ளை வந்தா அதுதான மரியாதை?

முன்னாடியே ஒரு மாப்பிள்ளை வந்தாரு. 1952-ல. நான் அரைஞாண் கயித்தோட திரிஞ்ச காலம். ஆப்பிரிக்காவுல மொசாம்பிக் பக்கத்து திலேப்பியா. ஏழை எளியவன் மீன் திங்கட்டும்னுதான் கொண்டாந்தாக, அதக் குத்தம் சொல்லல. நம்மாளுக ஜிலேபின்னு பேரு வச்சாக. இனிப்பு பேரோட சரி. ஆம்பள மீனு அடிச்சேத்தக் குழிச்சு வீடு கட்டும். பொம்பள மீனு முட்டைய வாய்க்குள்ளயே வச்சுக் குஞ்சு பொரிக்கும், பிள்ளைக்காகப் பட்டினி கெடக்கும். அப்படித் தாயுள்ளம்! நம்ம ரோகு, கட்லா மழை வெள்ளம் பாத்து முட்டைய விட்டுட்டு அது பாட்டுக்குப் போயிரும். இது வருசத்துக்குப் பல ஈடு. கூட்டம் பெருத்து எரை பத்தலன்னா வளர்றத நிறுத்திப்புட்டு உள்ளங்கை அளவுலயே பெத்துக்கிட்டுக் கெடக்கும். 1959-ல மீன் ஆராய்ச்சிக் கமிட்டி, "இனிமே பரப்பாதீக"ன்னுச்சு. ஏழு வருசம் கழிச்சு வந்த தாக்கீத எந்த மீனு படிச்சுச்சு?

இதுல கூத்து என்னன்னா, பிறந்த ஊர்ல அந்த ஜிலேபி இப்ப அழியிற பட்டியல்ல நிக்குது. அங்க எவனோ நைல் ஜிலேபியக் கொண்டுபோயி விட்டுட்டான். அதோட கலந்து கலந்து அசல் மங்கிப்போச்சு. சம்பந்தம் பேசுறதுல மனுசனுக்கு அம்புட்டு ஆச.

சரி, ஒன்னோட மாப்பிள்ளைக்கு வருவோம். அமேசான் சீமைக்காரரு. மேலெல்லாம் எலும்புச் சட்டை, துடுப்புல முள்ளு. வீச்சுவலையில விழுந்தாருன்னா மீனு தப்பிச்சாலும் வலை தப்பாது. சந்தையில சீந்த ஆளில்ல. ஆந்திராவுல வலைக்காரங்க பேய்மீன்னு வையிறாகளாம். அடியில ஒட்டுன பாசிய வழிச்சுத் திங்கையில, அதுல கெடக்குற மத்த மீனோட முட்டையும் சேந்து உள்ள போயிரும். தண்ணி வத்துனா செத்துரும்னு நெனைக்காத. காத்தக் குடிச்சு வயித்தாலயே மூச்சு விடும், ஈரச் சேத்துல கெடந்து அடுத்த மழைக்கு எந்திரிக்கும்.

கரையில வளை தோண்டுறதுதான் அதோட பெரிய தெறம. முட்டை வைக்க ஆம்பள மீனு உள்ள வரைக்கும் கொடஞ்சுக்கிட்டே போகும். கூட்டமாச் சேந்தா கரை சரியும். கான்ட்ராக்டரு மண்வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இது ஆரம்பிச்சிரும், அதுவும் பில்லு போடாம.

ஒங்க அப்பத்தா வைக்கிற அயிரைக் கொழம்புக்கு நாலு தட்டு சோறு திங்கிற பய நீயி. அந்த அயிரை மேயிற சேத்துலதான் இதக் குடி வைக்கப் போற. இதக் கொல்ல மனசு வரல, ஆனா அயிரையப் பட்டினி போட மனசு வருது. நல்ல மனசுதான்.

கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிட்டா குடுத்துட்டு வா. மாட்டேன்னா வாளிய எங்கிட்ட வச்சுட்டுப் போ, நீ பாக்க வேணாம். என்ன முழிக்கிற? நீ கலுங்குகிட்ட வரையிலயே பாத்துட்டேன். தென்னம்பிள்ளை மூட்டுல குழி தோண்டியாச்சு.