பித்தளை வாய் சீவு படலம்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல், அதில் பற்றவைக்கும் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. அக்கலையின் உட்பிரிவுகளில் மிகச் சிறியது, ரிவால்வர்க் கூட்டின் வாயை அளவாகச் சீவும் டிரிம்மரைத் தேர்ந்தெடுப்பது. மிகச் சிறியது என்பதாலேயே அதைப் பற்றிய வாதம் மிக நீண்டது. இதைப் படிப்பவரிடம் ரிவால்வர் இருக்க வாய்ப்பில்லை. பயன் கருதாமை ஆய்வுக்கு அழகு என்பதால் மேலே செல்வோம்.

முதற்கண் பூர்வபட்சம்: ரிவால்வர்க் கூட்டைச் சீவவே வேண்டாம். ரைபிள் கூட்டுக்குத் தோளும் கழுத்தும் உண்டு, அழுத்தமும் அதிகம். சுடச்சுடப் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீளும், ஆகவே சீவுகிறார்கள். ரிவால்வர்க் கூடோ நேர்க்குழாய். அது அநேகமாக நீள்வதில்லை. சில சமயம் மயிரிழை குறையவும் செய்யும். அதன் ஆயுள் முடிவதும் நீளத்தால் அல்ல. திரும்பத் திரும்ப விரித்து மடக்கியதில் வாய் இறுகி, ஒருநாள் விரிசல் விட்டு அது காலமாகிறது.

பூர்வபட்சியார் இதோடு நிற்கவில்லை. .357 மேக்னம் கூட்டின் உச்ச நீளம் 1.290 அங்குலம், சீவினால் நிறுத்த வேண்டிய அளவு 1.280. இடையிலுள்ள 0.010 அங்குலம் கால் மில்லிமீட்டர். இதற்காகத் தூக்கம் கெடுபவர், அதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடுகிறார். அதன் நீளம் 1.155. அதாவது 0.135 அங்குலம் குறைவு! துப்பாக்கி ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. தோட்டா உருளைக்குள் நிற்பது பின்விளிம்பைப் பற்றிக்கொண்டுதானே தவிர வாயால் அல்ல. (1935-ல் மேக்னம் வந்தபோது அதை நீளமாக்கியதே, அந்த முரட்டுத் தோட்டா பழைய .38 துப்பாக்கிகளுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றுதான். அங்கே நீளத்துக்குப் பொருள் உண்டு.)

வாதம் வலுவானது. ஆனாலும் முழுதாக ஏற்பதற்கில்லை.

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்ற ஐந்தின் கூடுகளும் அதோடு பின்னே போகின்றன. உள்ளே இருக்கும் குண்டுகளோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். நியூட்டன் சொன்னபடி நடந்துகொள்கின்றன. அவற்றின் மேல் குற்றமில்லை. பிடி தளர்ந்தால் குண்டு மெல்ல முன்னே நழுவி, மூக்கு உருளைக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். உருளை சுழலாமல் நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடக்கி அழுத்துகிறார்கள். மடக்கும் டை என்னும் அச்சு ஒரே உயரத்தில் நிற்பது. நீளக் கூடு அதில் கூடுதலாக நசுங்கி வயிறு பெருக்கும். குட்டைக் கூடு பேருக்கு மடங்கும். எனவே வேண்டுவது குறிப்பிட்ட நீளமன்று, ஒரே நீளம். நூறும் குட்டையாக இருந்தால் கேடில்லை. நூறும் நூறு விதமாக இருப்பதே கேடு.

அதிலும் ஒரு விலக்கு. 148 கிரெயின் எடையுள்ள தட்டைமூக்குக் குண்டை மென்மையாக அடைத்துக் காகித இலக்கைத் துளைப்பவருக்கு உதையே சொற்பம். அவர் சீவாமல் நிம்மதியாக உறங்கலாம். ஐடஹோவின் எல்மர் கீத்தைப் பின்பற்றுவோர் நிலை வேறு. கீத் .44 ஸ்பெஷல் கூட்டில் கனத்த குண்டும் தாராள மருந்தும் அடைத்து, ஆண்டுக்கணக்கில் எழுதி வற்புறுத்தி, 1955-ல் .44 மேக்னம் பிறக்கக் காரணமானவர். அந்த மரபினருக்கு டிரிம்மர் தேவை.

இனிக் கருவிகள். விற்பனைப் பட்டியலில் மிக வேகமானவை என்று விளம்பரம் செய்யப்படும் மின் டிரிம்மர்களில் பல, கூட்டின் தோளில் முட்டி நின்று அளவெடுப்பவை. நம் கூட்டுக்குத் தோளே கிடையாது. அவற்றின் ஆராய்ச்சி இத்துடன் முற்றிற்று.

அடுத்தது சிறு லேத் வகை. ஃபார்ஸ்டர், லைமன், ஆர்சிபிஎஸ் எல்லாரும் செய்கிறார்கள். கூட்டின் அடியைக் கவ்வி, வாய்க்குள் அளவான பைலட் தண்டை நுழைத்து, கைப்பிடியைச் சுற்றினால் பித்தளைச் சுருள் உதிரும். பார்க்க அழகு; மேசைக்குக் கௌரவம். நீளத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் பெருமை, அதுவே நோயும். கூட்டிக் குறைக்கலாம் என்றால் மனிதன் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பான்.

மூன்றாவது விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் லீ கம்பெனி செய்யும் எளிய கருவி. ஒரு வெட்டி, ஒரு கம்பி, கூட்டைப் பிடிக்க ஒரு கட்டை. கம்பி கூட்டின் அடித்துளை வழியாகப் போய்க் கட்டையில் முட்டியதும் வெட்டு தானாக நிற்கும். அளவை மாற்ற வழியே இல்லை. ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தனிக் கம்பி. விலை சொற்பம் என்பதாலேயே அறிஞர்கள் இதை இரண்டாம் தரமாக மதிக்கிறார்கள். ஒரே நீளமே வேண்டுவது என்று மேலே நிறுவியபின், அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாத கருவியை விஞ்ச எது இருக்கிறது?

இருந்தும் ஒரு நடைமுறைச் சிக்கல் கவனிக்கத்தக்கது. கருவியை வாங்கி, கூட்டைப் பொருத்திச் சுற்றினால், பாதிக் கூடுகளில் வெட்டி காற்றை மட்டும் வெட்டுகிறது. அவை 1.280-ஐவிட ஏற்கெனவே குட்டை. அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: வெர்னியர் காலிப்பரால் அளந்து, ஒத்த நீளமுள்ளவற்றைத் தனித்தனி டப்பாவில் போடுவது. ஒத்தவை ஒன்றாகச் சேர்ந்தபின் சீவ எதுவும் மிச்சமில்லை. இந்த முறைக்கு டிரிம்மரே வேண்டாம் என்பது வாங்கியபின் தெரியவரும்.

தெரிந்தபின் எவரும் கருவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதோடு மின்மோட்டார் இணைக்கும் வசதி உண்டா என்று பட்டியலைப் புரட்டத் தொடங்குகிறார்கள்.