ஜோன்ஸ்டனோடு நாற்பது நிமிடம்

எங்கள் வீட்டில் நான் செய்த திருத்த வேலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. கணக்கப்பிள்ளை என் மனைவி. கொப்பி, பேனை ஒன்றும் கிடையாது; எல்லாம் தலைக்குள். குளியலறைக் குழாயை நான் திருத்தியதால் நனைந்த கம்பளம், புல்வெட்டும் மெசினைக் கழற்றிப் பூட்டியபோது மிஞ்சிய ஏழு ஆணிகள், நான் வெள்ளையடித்த சுவரைப் பார்க்க வந்து கவலையோடு திரும்பிப்போன மைத்துனர் என்று அது நீண்டு போகும். விருந்தாளிகள் வந்தால் அவர்களின் வயது, பொறுமை, வந்த தூரம் பார்த்துச் சிலதை விடுவாள். 1994ஆம் ஆண்டுப் பதிவை மட்டும் யாருக்காகவும் விட்டதில்லை.

அந்த வருடம் நாங்கள் சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் ஒற்றை அறை வீடொன்றில் இருந்தோம். நான் வந்து இரண்டு வருடம், அவள் வந்து ஒன்று. வெள்ளி இரவு வேலை முடித்து, சனி காலை நித்திரை கொண்டு, பின்னேரம் ஊர்ப் பொடியளோடு உதைபந்து விளையாடுவேன். யாழ்ப்பாணத்து இளவாலைப் பக்கத்துக்காரனுக்கு உதைபந்து விளையாடத் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் என்னையும் அணியில் வைத்திருந்தார்கள். ஊரிலே நான் விளையாடியது பெரும்பாலும் மதிலுக்கு வெளியே. உள்ளேயிருந்து வரும் பந்தைத் திருப்பி எறிகிற பதவி.

ஆனால் அறிவு இருந்தது. 1986 மே 10ஆம் திகதி இரவு, நாலு பற்றரி போட்ட றேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் கேட்டவன் நான். எவர்ட்டனுக்கு லினேக்கர் முதலில் போட, லிவர்பூலுக்கு இயன் ரஷ் சமன் செய்ய, அதன்பிறகு கிறெய்க் ஜோன்ஸ்டன் ஒன்று போட்டு முந்தவைத்தார். 3-1. அவர் அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர் என்று அறிவிப்பாளர் சொன்னபோது, அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினார். நான் பின்னாளில் இங்கே வந்து சேர்ந்ததற்கு உள்ள காரணங்களில் அந்தக் கையும் ஒன்று.

இந்த ஜோன்ஸ்டனின் கதை, கேட்கிறவனைச் சும்மா இருக்க விடாத கதை. பிறந்தது தென்னாபிரிக்காவில். வளர்ந்தது நியூகாசிலுக்குப் பக்கத்தில், மக்குவாரி ஏரிக் கரையில். சின்ன வயதில் எலும்பில் கிருமி தொற்றிக் காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. தப்பினார். பதினைந்து வயதில் இங்கிலாந்துக் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். மிடில்ஸ்பரோ, வந்து காட்டு என்றது. பெற்றோர் வீட்டை விற்று அனுப்பினார்கள். முதல் ஆட்டத்தின் பாதியிலேயே பயிற்சியாளர் ஜக் சார்ள்டன், தன் வாழ்நாளில் இவ்வளவு மோசமான ஆட்டக்காரனைக் கண்டதில்லை, ஊருக்குத் திரும்பிப் போ என்ற கருத்தில் திட்டித் தீர்த்துவிட்டார். பொடியன் போகவில்லை. கார் நிறுத்துமிடத்துச் சுவரில் நாள் முழுக்கப் பந்தை அடித்து அடித்துப் பழகினான். 1981இல் லிவர்பூல் வாங்கியது. ஐந்து முறை லீக் வென்ற அணியில் இருந்தார். 1988இல், இருபத்தேழு வயதில், கடும் சுகயீனமுற்ற சகோதரியைப் பார்க்கவென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்.

என்னைக் கெடுத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். இங்கே பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும்போது, மேசைப்பந்து மட்டை பந்தைக் கவ்வுகிற மாதிரிச் சப்பாத்தும் கவ்வவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள், எங்கள் சப்பாத்து தோல், றப்பர் இல்லையே என்றார்கள். மனிதர் வீட்டுக்குப் போய் மட்டையிலிருந்த றப்பரை உரித்துத் தன் சப்பாத்தின் மேல் ஒட்டிப் பார்த்தார். பந்தில் உராய்வு கூடினால் சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் பந்து காற்றில் வளையும். அவ்வளவுதான் தத்துவம். நிறுவனங்கள் கையை விரித்தன. அடிடாஸும் முதலில் வேண்டாம் என்றது. இவர் ஜெர்மனிக்குப் போய், பெக்கன்பவர், ருமனிக்கே, பிரைட்னர் மூவரையும் பிடித்துப் பனிக்குள் அந்தச் சப்பாத்தால் உதைக்கவைத்துப் படம் எடுத்துக் காட்டினார். அதன்பிறகு கதவு திறந்தது. 1994இல் ‘பிரிடேற்றர்’ வந்தது. சப்பாத்தின் முன்பக்கம் மீனின் செதில் போல றப்பர் வரிகள்.

நான் அதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் எனக்குப் பக்கத்தில் நின்று விலைத்துண்டைப் பார்த்தாள். எங்கள் ஒரு கிழமை வாடகைக்குக் கிட்ட நின்றது.

“இஞ்சாருங்கோ, நடவுங்கோ,” என்றாள்.

நடந்தேன். ஆனால் மூளை கடையிலேயே நின்றுவிட்டது. ஜோன்ஸ்டனிடம் என்ன இருந்தது? ஒரு மட்டை, கொஞ்சம் பசை, ஒரு பழைய சப்பாத்து. சப்பாத்து என்னிடம் இருக்கிறது. மட்டை இரண்டும் பந்து மூன்றும் சேர்த்து மலிவு விலையில் அடுத்த கடையில் தொங்குகின்றன. பசை சின்னக் குழாயில் வரும். ஒரு கிழமை வாடகையை மிச்சம் பிடித்த குடும்பத் தலைவன் என்ற பெருமையோடு அன்றிரவு குசினி மேசையில் வேலையைத் தொடங்கினேன்.

அந்தப் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டவேண்டிய இரண்டு பொருள்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது ஒட்டும். முதலில் என் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றாயின. அந்தப் பதற்றத்தில் குழாய் சரிந்தது. அதன் மேல் சப்பாத்துக் கவிழ்ந்தது. விடியப் பார்த்தால் சப்பாத்து, மேசையின் ஓர் அங்கமாகிவிட்டது. இழுத்தேன். மேசையின் மேற்பட்டை பெருவிரல் பக்கமாக உரிந்து கையோடு வந்தது. ஒன்பதாம் நம்பர் வலது காலொன்று அடுப்பை நோக்கி நடக்கிற மாதிரி அச்சு. அடுத்த இரண்டு வருடமும் அதன் மேல் சீனிப் பேணி இருந்தது. வீடு மாறும்போது ஏஜென்ட் பேணியைத் தூக்கிப் பார்த்தார். முற்பணத்தில் வெட்டினார்கள்.

ஆனாலும் சனிக்கிழமை நான் அந்தச் சப்பாத்தோடுதான் போனேன். கோலுக்கு இருபது மீற்றர் தூரத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். அதை அடிக்கிற ஆள் வேறு. நான் அவரைத் தள்ளிவிட்டு நின்றேன். ஓடிவந்து, உள்பாதத்தால் பந்தைச் சீவி அடித்தேன். காற்றில் ஏதோ ஒன்று அழகாக வளைந்து, சுழன்று, இடப்பக்கக் கம்பத்தின் மேல் மூலையை நோக்கிப் போனது. கோலி பாய்ந்து பறந்து அதைப் பிடித்தார். பிடித்தது சிவப்பு றப்பர்த் துண்டு. பந்து வலப்பக்கமாக, கோயிலுக்குப் போகிற கிழவி மாதிரி, மெல்ல உருண்டு உள்ளே போனது.

நடுவராக நின்றவர் ஊரில் கணக்கு வாத்தியார். இரண்டில் எது பந்து என்று கோலிக்கு விளங்காதபடியால் கோல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். முப்பது வருடமாகக் கலியாண வீடுகளில் அந்த வழக்கு நடக்கிறது. என் கட்சியில் நான் மட்டும். (1998 உலகக் கிண்ண இறுதியில் ஸிடான் காலில் பிரிடேற்றரை மாட்டிக்கொண்டு தலையால் இரண்டு கோல் போட்டார். அவற்றை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.)

இனிச் சந்திப்புக்கு வருகிறேன்.

போன வருடம் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை நியூகாசிலுக்கு வீடு மாறினாள். பால் காய்ச்சப் போய்விட்டு, மறுநாள் காலை மக்குவாரி ஏரிக்கரையில், வார்னர்ஸ் பே நடைபாதையில் இருவரும் நடந்தோம். ஜோன்ஸ்டன் வளர்ந்த ஏரி. நான் நடக்கவில்லை, யாத்திரை போனேன். அப்போதுதான் கண்டேன். வாங்கில் ஒருவர். அறுபதைத் தாண்டிய வயது. வெயிலில் வெந்த முகம். ஜோன்ஸ்டனுக்கு இருந்த மாதிரியே சுருள் முடி, தோளில் விழுந்தது. பக்கத்தில் தூண்டில்.

“அங்க பாரும்,” என்றேன்.

“என்னத்தை?”

“முடியை!”

அவள் பார்த்தாள். “எண்ணெய் காணாது,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அந்த மனுசனைப் போய்க் கரைச்சல் படுத்தாதேங்கோ, சொல்லிப்போட்டன்,” என்று சொல்லித் தேத்தண்ணிப் போத்தலோடு புல்லில் அமர்ந்தாள்.

பெரிய மனிதர்களை நேரடியாக, “நீங்கள்தானே அவர்?” என்று கேட்கக்கூடாது என்பது என் கொள்கை. அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். குறிப்பாலே உணர்த்தவேண்டும். வாங்கின் மற்ற நுனியில் அமர்ந்து, மீன் பிடிபடுகிறதா என்று கேட்டேன். இல்லை மேட், என்றார். கொஞ்சம் கழித்து, இங்கிலாந்தில் இருந்திருக்கிறீர்களா என்றேன். இருந்தேன், அது அந்தக் காலம், குளிர்தான் ஞாபகம் என்றார். என் உள்ளங்கை வியர்த்தது. கால் எப்படி இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு முழங்காலைத் தடவினார். மழைக்கு வலிக்கும், என்றார். கடைசி அம்பாக, றப்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றேன்.

அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். “றப்பரா? என் வாழ்க்கையே றப்பர்தான், மேட்.”

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நாற்பது நிமிடம் பேசினேன். மிடில்ஸ்பரோ கார் நிறுத்துமிடத்தைப் பற்றி அவருக்கே சொன்னேன். சார்ள்டன் சொன்னது அநியாயம் என்று சார்ள்டனுக்காக மன்னிப்பும் கேட்டேன். உராய்வு, சுழற்சி, காற்று வளைவு எல்லாவற்றையும் மண்ணில் கீறி விளக்கினேன். அவர் தலையாட்டினார். நடுவில் ஒருமுறை, தனக்கு உதைபந்து பிடிக்காது, றக்பி லீக்தான் பார்ப்பேன் என்றார். என்ன தன்னடக்கம் என்று எனக்குக் கண் கலங்கியது.

அந்த நேரம் மனைவி ஒரு தாளில் கடலைவடையோடு வந்தாள். அவரிடம் நீட்டினாள். உட்கார்ந்தாள். பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை செய்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் முப்பத்தைந்து வருடம் நிலக்கரித் துறைமுகத்தில் பட்டி ஒட்டியவர். நியூகாசில் கடலோரம் நின்றால் அடிவானத்தில் கப்பல்கள் வரிசையில் நிற்பதைக் காணலாம். எல்லாம் நிலக்கரிக்குக் காத்திருப்பவை. அந்தக் கரியைக் கப்பலுக்குக் கொண்டுபோகிற றப்பர்ப் பட்டி அறுந்தால், நுனியோடு நுனி வைத்துச் சூடு கொடுத்து, அழுத்தி ஒன்றாக்குகிற வேலை. இங்கிலாந்தில் இரண்டு வருடம் இருந்தது ஒரு கல்லுடைக்கும் இடத்தில். முழங்காலில் விழுந்தது ஒரு உருளை. பெயரில் கிறெய்க்கும் இல்லை, ஜோன்ஸ்டனும் இல்லை.

நான் ஏரியைப் பார்த்தேன். ஏரியில் குதிக்கலாம்போல இருந்தது, ஆழம் காணாது.

“இவர் ஏன் என்னிடம் றப்பரைப் பற்றிக் கேட்டார்?” என்றார் அவர் அவளிடம். இனி என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று கண்டுகொண்டார்.

அவள் 1994ஐச் சொன்னாள். முழுதாகச் சொன்னாள். முற்பணத்தில் எத்தனை டொலர் எத்தனை சதம் வெட்டினார்கள் என்பதை அன்றுதான் நானே சரியாக அறிந்தேன். கிழவியைப் போல உருண்ட பந்து வந்த இடத்தில் மனிதர் சிரித்த சிரிப்பில் தூண்டில் தண்ணிக்குள் போய், நான் இறங்கி எடுக்கவேண்டி வந்தது. ஈரக் காற்சட்டையோடு ஏறி வந்தபோது அவர் சிரிப்பை நிறுத்தி, வேலைக்காரனின் முகத்தோடு கேட்டார்.

“தோலை அரத்தாளால் உரஞ்சினாயா?”

“இல்லை.”

“றப்பரின் பின்பக்கத்தை?”

“இல்லை.”

“பசை?”

பெயரைச் சொன்னேன். பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார். அது கல்லுப்போல இறுகும், சப்பாத்து மடியும், மடிந்தால் வெடித்துக் கழலும் என்றார். வளைந்து கொடுக்கிற பசை வேண்டும். இரண்டு பக்கத்தையும் உரஞ்சி, தூசு துடைத்து, இரண்டு பக்கத்திலும் மெல்லிதாகப் பூசி, கையில் ஒட்டியும் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்கவேண்டும். பத்து நிமிடமாவது. அதன் பிறகுதான் இரண்டையும் சேர்க்கவேண்டும். சேர்த்தால் சுத்தியலால் தட்டவேண்டும். “எவ்வளவு நேரம் பொறுத்தாய்?”

“பொறுக்கவில்லை.”

“இவர் எதுக்கும் பொறுக்கிறேல்லை,” என்று அவள் தமிழில் சொன்னாள். அவருக்கு விளங்கியது.

அதோடு விடாமல் எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவின் றப்பர் தளர்ந்திருப்பதையும் கேட்டாள். சுடுதண்ணியில் நனைத்த துணியால் சூடு காட்டி இழுத்துவிடச் சொன்னார். மிச்ச வடையையும் அவரிடமே கொடுத்தாள். சிட்னிக்குத் திரும்புகிற பாதையில் ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உங்கட ஜோன்ஸ்டன் நல்ல மனுசன்,” என்றாள்.

போன கிழமை இரவு அவள் படுத்த பிறகு கராஜுக்குப் போனேன். மகன் பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடிய மேசைப்பந்து மட்டை பெட்டிக்குள் கிடந்தது. அடியில் என் பழைய சப்பாத்தும் இருந்தது. அரத்தாள் வாங்கியிருந்தேன். பசையும் சரியான பசை. பூசி முடித்துத் துண்டைக் கையில் எடுக்கிற நேரம், பின்னால் லைட் விழுந்தது. வாசலில் அவள்.

“ரெண்டு பக்கமும் உரஞ்சினீங்களோ?”

“ஓம்.”

“எவ்வளவு நேரமாச்சு பூசி?”

மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழு நிமிடம்.

அவள் பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “துண்டைக் கீழ வையுங்கோ. இன்னும் மூண்டு இருக்கு.”