பன்றிக்கு ஒரு வேகம், வேட்டைக்காரருக்கு ஒரு வேகமா?

லைசென்ஸ் வைத்திருக்கும் வேட்டைக்காரருக்கு அரைத் தானியங்கித் துப்பாக்கி தரலாமா என்று கேட்பதே பாவம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரிடம் ஒரு லைசென்ஸ். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் இன்னொன்று. இவ்வளவு அலைந்தவர் கையில் வெறும் செனாப்பாங் பாத்தா என்னும் மடக்குத் துப்பாக்கியா? குழலை மடக்கி, வெற்றுத் தோட்டாவை உதறி, பையைத் துழாவுவதற்குள் பன்றி கிள்ளானுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அதைவிடக் கொடுமை, தோட்டா குறைவு என்பதால் சுடுமுன் பார்க்க வேண்டியிருக்கிறது. புதரில் அசைவது பன்றியா, கூட வந்த பங்காளியா என்று ஆராய்வதற்கு இது என்ன பெண் பார்க்கும் படலமா? முதலில் சுடலாம், டார்ச் பிறகு அடிக்கலாம். பன்றி என்று நினைத்து நண்பரைச் சுட்டதாக அவ்வப்போது பேப்பரில் செய்தி வருகிறது. ஒரே வெடியில் அரைகுறையாக விடுவது நட்புக்கு அழகல்ல.

ஷா ஆலம் பக்கம் இன்னொரு வசதி. காடு வீடமைப்புத் திட்டமாகிவிட்டதால் பன்றியைத் தேடிப் போக வேண்டியதில்லை. குட்டிகளோடு குப்பைத்தொட்டிக்கே வந்துவிடுகிறது. எதிரே மாமாக் கடை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சுடலாம். ஒரு கையில் தே தாரிக் இருக்கும்போது, தோட்டா மாற்ற இன்னொரு கைக்கு எங்கே போவது?