கேட்பவரின் துயரத்தை யார் கேட்பது?

கேள்வி: மனநோய், உளப்பகுப்பாய்வு என்று இத்தாலிக்காரர்கள் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது?

பதில்: நான்னி மொரெட்டியின் 'மகனின் அறை'. 2001-ல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற படம். மொரெட்டியே இயக்கி, அங்கோனா நகரத்து உளப்பகுப்பாய்வாளர் ஜொவான்னியாக நடித்தும் இருக்கிறார். ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று எழுந்துவிடாதீர்கள். ஜொவான்னியின் குடும்பம் காரில் சேர்ந்து பாடுவதை ரசித்தவர்களுக்குத்தான் பிறகு விழும் அடி வலிக்கும்.

கேள்வி: ஊரார் மனதையெல்லாம் அலசுகிறவர், மகன் இறந்ததும் இப்படி உடைந்துபோகிறாரே! படித்த படிப்பு எங்கே போயிற்று?

பதில்: அந்தப் படிப்பு அடுத்தவர் துயரத்தைக் கேட்பதற்கு. பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பதற்கு எந்த ஊரிலும் படிப்பு கிடையாது. ஒரு ஞாயிறு, மகன் ஆந்த்ரேயாவோடு ஓடப் போவதாக இருந்தவரை ஆஸ்கர் என்ற நோயாளி அவசரமாகக் கூப்பிடுகிறார். நுரையீரலில் கட்டி என்று தெரிந்து பதறிப்போயிருக்கிறார் மனிதர். ஜொவான்னி அங்கே போகிறார். பையன் நண்பர்களோடு கடலில் ஸ்கூபா முக்குளிக்கப் போகிறான், திரும்பவில்லை.

அதன்பின் அப்பாவின் மனம் அந்த ஞாயிற்றையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. 'இன்று வர முடியாது' என்று சொல்லியிருந்தால்? நோயாளிகள் வருடக்கணக்காக அவரிடம் கொட்டிய அதே சுழல்தான், இப்போது அவருக்குள். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறவில்லை. தொழிலையே நிறுத்திவிடுகிறார். இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மையாகப் படுகிறது. முழு மனதோடு கேட்க முடியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

சவப்பெட்டியை மூடும் காட்சியை விட்டுவிட முடியாது. மூடியைப் பற்றவைத்து, திருகாணிகளை முடுக்குகிறார்கள். அந்தச் சத்தத்தை மொரெட்டி நம்மையும் கேட்கவைக்கிறார். எந்தப் பின்னணி இசையும் செய்ய முடியாத வேலையை அது செய்துவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் குற்றவாளி ஆஸ்கர்தானே?

பதில்: உயிர்ப்பயத்தில் கூப்பிட்டவர் மேல் என்ன குற்றம்? ஜொவான்னிக்கும் அது தெரியும். தெரிந்தும் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: இத்தாலியில் மனநோய் மருத்துவமனைகளையே இழுத்து மூடிவிட்டார்களாமே?

பதில்: மூடினார்கள், ஆனால் ஒரே நாளில் அல்ல. 1961-ல் கொரீட்ஸியா நகர மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா, நோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கத்தை ஒழித்தார். 1973-ல் திரியெஸ்தெ நகரில் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரை மருத்துவமனையைவிட்டுத் தெருவுக்கு வந்தது. பின்னால் ஊர்வலமாக நோயாளிகள்! 1978 மே 13-ல் வந்த 180-ஆம் எண் சட்டம் புதிதாக ஆட்களை மனநோய் மருத்துவமனைகளில் அடைப்பதை நிறுத்தியது. பழைய மருத்துவமனைகள் காலியாக மேலும் இருபது ஆண்டு பிடித்தது. மாற்று மையங்கள் சரியாக அமையாத ஊர்களில் பாரம் குடும்பங்கள் தலையில் விழுந்ததும் உண்மை. 'சி புவோ ஃபாரே' (2008) படத்தைப் பாருங்கள். வெளியே வந்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து மரத்தரை பதித்துப் பிழைக்கிறார்கள். விடுதலைக்குக் கொடுத்த விலையையும் அந்தப் படம் மறைக்கவில்லை.

கேள்வி: இன்னொரு இத்தாலியப் படத்தில் போப்பாண்டவருக்கே மன ஆலோசனையாமே?

பதில்: மொரெட்டியின் 'ஹாபேமுஸ் பாப்பாம்' (2011) படத்தில் உண்டு. போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொறுப்புக்குப் பயந்து பின்வாங்குகிறார். படம் வந்து இரண்டாவது ஆண்டில், 2013-ல், போப் பதினாறாம் பெனடிக்ட் நிஜமாகவே பதவி விலகினார்.

கேள்வி: மகனை இழந்த உறவினர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு 'மகனின் அறை'யைப் போட்டுக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பாருங்கள், பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போங்கள். படத்தில், மகனுக்குப் பழக்கமான ஒரு பெண் வந்த பிறகுதான் ஜொவான்னி குடும்பம் மூச்சு விடுகிறது. அவளையும் அவள் நண்பனையும் இரவெல்லாம் காரோட்டி பிரான்ஸ் எல்லை வரை கொண்டுபோய் விடுகிறார்கள். நீங்களும் உங்கள் உறவினரிடம் பையன் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் மாதங்கள் ஓடினால் மனநல மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள்.