ஆறு ஓட்டை அண்ணன்

நாமக்கல் - துறையூர் சாலையில், எருமப்பட்டிக்கு முன்னே பின்னே எந்தப் பஞ்சர் கடையில் நின்றாலும் இவரைப் பார்த்துவிடலாம். கோழிப்பண்ணை அப்பாவுடையது, வெங்காயக் காடு தாத்தாவுடையது, ஜீப் மட்டும் சொந்தச் சம்பாத்தியம். பழைய மகிந்திரா. இன்ஜின் புகை தள்ளும், பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். அதெல்லாம் இருக்கட்டும் என்பார். "வண்டின்னா மொதல்ல வீலுதானுங்க!"

அப்படித்தான் எவரோ கழற்றிப்போட்ட ஃபார்ச்சூனர் அலாய் வீல் நாலும் வீடு வந்து சேர்ந்தன. வாங்கும்போது அண்ணன் ஏமாளி இல்லை, விவரம் தெரிந்துதான் வாங்கினார். பி.சி.டி. என்று ஒரு கணக்கு இருக்கிறது. வீல் மாட்டும் ஸ்டட்டுகளின் நடுப்புள்ளிகளைத் தொட்டுப் போகும் வட்டத்தின் விட்டம் அது. ஜீப்புக்கு ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனருக்கும் அட்சரம் பிசகாமல் அதே 139.7. என்ன, ஜீப்பில் ஸ்டட் ஐந்து. இந்த ரிம்மில் ஓட்டை ஆறு.

மெக்கானிக் ரிம்மைத் தூக்கி ஹப்பில் வைத்தார். ஒரு ஓட்டைக்குள் ஸ்டட் அம்சமாக நுழைந்தது. மற்ற நாலும் அலுமினியத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

"ஏனுங்க தம்பி, அஞ்சுக்கு ஆறு எப்படிங்க சேரும்?"

"ஒண்ணு மிச்சந்தானுங்கண்ணா. கொறைஞ்சாத்தான கஷ்டம்?"

இதில் ஊரின் குற்றமும் கொஞ்சம் உண்டு. வெறும் சேஸியாக வந்து நிற்கும் லாரிக்கு கேபின் முதல் பாடி வரை கட்டி அனுப்புகிற நாமக்கல் பக்கத்தில் பிறந்தவருக்கு, உலகத்தில் பொருந்தாத சாமான் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. அந்தப் பட்டறைக்காரர்களோ சேஸியில் கண்ட இடத்தில் துளை போட்டால் பலம் போய்விடும் என்று, பாடியை யூ போல்ட் போட்டு இறுக்குகிறவர்கள். அண்ணன் அந்தப் பட்டறைகளில் வேண்டிய மட்டும் டீ குடித்திருக்கிறார். யூ போல்ட் கண்ணில் பட்டதில்லை.

சட்டமும் தெரியும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். "நாலு வீலும் சேர்ந்து ஒரு மாத்தமா, நாலு மாத்தமாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், சொன்னவருக்குப் பதில் தெரியவில்லை.

எருமப்பட்டியில் ஓட்டை போட மாட்டேன் என்றவர்களை விட்டுவிட்டு, போடுகிறேன் என்ற ஒருவரை எங்கோ கண்டுபிடித்தார். ஒன்று ஏற்கெனவே பொருந்துவதால் ரிம்முக்குப் புது ஓட்டை நாலு போதும். அதில் இரண்டு, பழைய ஓட்டையை உரசிக்கொண்டு விழுந்தன. நடுவில் இருந்த அலுமினியம் தகடாகிவிட்டது. நட்டின் கூம்பு முனை ஓட்டையின் சரிவில் முழுசாக உட்கார்ந்தால்தான் பிடிப்பு. இங்கே ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறு பக்கம் எட்டிப் பார்த்தது. அண்ணன் வீல் ஸ்பானரில் ஏறி நின்று இறுக்கினார்.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயில். கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. சேந்தமங்கலம் வருவதற்குள் ஸ்டியரிங் உதறிய உதறலில் மடியிலிருந்த தேங்காய் உருண்டு கீழே போய்விட்டது. "அலைன்மென்ட்டுதான்" என்றார். அவர் மனைவி பதில் பேசவில்லை. தேங்காயைத் தேடி எடுத்தார், குழந்தையை இறக்கினார், "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். ஜீப்பில் இரண்டு ஸ்டட் அதற்குள் வளைந்திருந்தன. மூன்றாவது, மலையடிவாரத்திலேயே முறிந்தது. பூஜைக்கு மனைவியும் குழந்தையும் மட்டும்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்காக மனம் உடைகிற ஆளா? இப்போது பழைய இரும்பு ரிம்மில் வந்து அதே பஞ்சர் கடையில் நிற்கிறார். அலாய் வீல் செட்டை விற்கவேண்டுமாம். ரிம்முக்குப் பத்து ஓட்டை ஆகிவிட்டதே, யார் வாங்குவார் என்றேன்.

"அதுதானுங்க விசேஷமே! ஜீப்புக்கும் ஆகும், ஃபார்ச்சூனருக்கும் ஆகும். பத்து ஓட்டைங்க... லாரி வெச்சிருக்கறவங்க கேட்டாலும் பேசிக்கலாம்."